கத்தாதவர்களைத் தேடுகிறவர்

"தங்கச்சி, நாளைக்கு ஒரு சாமானை நிப்பாட்டப் போறன். நிப்பாட்டினா உங்களுக்கு ஏதும் குறையுமோ?"

இராகுலன் என்னிடம் முதன்முதலில் பேசியது இதுதான். அலுமாரியில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றார். வெறுங்கால். கையில் பேனையோ கடதாசியோ இல்லை.

"என்ன சாமான்?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பேர் நெத்தலி. சிரிக்கலாம் பிள்ளை, எல்லாரும் சிரிக்கிறவைதான். அது ஒரு மெசின். அதை இங்கயிருந்து வேற இடத்துக்கு ஏத்தியாச்சு. பழசு சும்மா ஓடிக்கொண்டிருக்கு. அதை நிப்பாட்ட முதல் ஒவ்வொரு மேசையாக் கேட்டுக்கொண்டு வாறன்."

"எனக்கு ஒண்டும் குறையாது."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஒண்டும் இல்லை, சேர்."

"சேர் வேண்டாம். அண்ணை எண்டு கூப்பிடுங்கோ." அதன் பிறகும் அவர் போகவில்லை. எனது கணினியை, கணினியிலிருந்து போகும் வயரை, வயர் போய் மறையும் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

மறுநாள் எங்கள் பிரிவின் பிரிண்டர் வேலை செய்யவில்லை. நான் கடிதங்களை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, கீழே கணக்குப் பிரிவுக்குப் போய் அச்சிட்டு வந்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மரப்படிகளில் ஏறி வரும்போது இராகுலன் எதிரே இறங்கி வந்தார்.

"எங்க போட்டு வாறீங்கள்?"

"கீழ, பிரிண்ட் எடுக்க."

"மேல இருக்கிற பிரிண்டர்?"

"அது நேற்றிலயிருந்து வேலை செய்யேல்லை. பரவாயில்லை அண்ணை, கீழயும் ஒண்டு இருக்குத்தானே."

நான் அதைச் சமாதானமாகத்தான் சொன்னேன். அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதுக்குத்தான் பிள்ளை எனக்குப் பயம்," என்றார். எழுந்து போய், நெத்தலியோடு சேர்ந்து நின்றுபோயிருந்த பிரிண்டரை அரை மணித்தியாலத்தில் சரிசெய்து தந்தார். அதன்பின் என்னை எங்கே கண்டாலும், "எல்லாம் ஓடுதோ?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. மற்றவர்களிடம் ஒரு தரம் கேட்பார். என்னிடம் இரண்டு தரம்.

நாங்கள் வேலை செய்வது திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கம்பனியில். கட்டடம் வெள்ளைக்காரன் காலத்துப் பண்டசாலை. சுவர்கள் ஒரு முழத் தடிப்பு. நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதங்கள் எழுதும் பிரிவில் இருக்கிறேன். இராகுலன் மேல்மாடியின் கோடியில், முன்பு கயிறும் தாரும் வைத்திருந்த ஓர் அறையில் இருக்கிறார். அந்த அறையில்தான் கம்பனியின் பெரிய கணினிகள் நின்றன. உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்றி வாசலில் விடுவார். தூசி போகக்கூடாது என்பது காரணம். ஆனால் கழற்றும்போது அவர் குனிந்து இரண்டையும் நேராக வைக்கும் விதத்தைப் பார்த்தால் தூசிக்காக மட்டும் என்று தோன்றாது. பட்டி தேய்ந்த மண்ணிறச் செருப்பு. வாசலில் செருப்பு இருந்தால் ஆள் இருக்கிறார். யாரும் கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை.

நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு. குளிர்சாதன அறைக்குள் இருந்து இருந்து, வெயில் காலத்திலும் கை முழுக்க மூடிய சட்டை. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பதால், இயந்திரங்களின் திருகாணிகளை மாதத்துக்கு ஒருமுறை துணியால் துடைப்பார். தேநீரைத் தட்டத்தில் ஊற்றி ஆற்றித்தான் குடிப்பார். லிங்கநகரில் பாதி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறார். தமக்கை கனடாவில். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, "மெசின் சத்தத்தில கூப்பிட்டது கேக்கேல்லை," என்பார்.

அவருடைய வேலையை விளங்கப்படுத்தச் சொன்னால் மிகவும் சந்தோசப்படுவார். "ஒரு பெரிய வளவு இருக்கெண்டு வையுங்கோ. அதை மறிச்சு ஏழெட்டுக் குடித்தனம். ஆளுக்கொரு குசினி, ஆளுக்கொரு வாசல். தங்கட வீடு தனி வீடு எண்டுதான் ஒவ்வொருத்தரும் நினைப்பினம். ஆனா கிணறு ஒண்டு. அப்பிடித்தான் இது. வெளியில பாத்தா மூண்டு இரும்புப் பெட்டி. உள்ளுக்க இருபது மெசினுக்கு மேல குடியிருக்கு." அந்த இருபதுக்கும் பெயர் வைத்தவர் இவருக்கு முன் இருந்த நிருபன். அவருக்கு மீன் சாப்பாட்டில் பிரியம் அதிகம். கடிதப் போக்குவரத்து சுறா, சம்பளம் பாரை, பண்டசாலைக் கணக்கு சூரை. அவர் வெளிநாடு போய்விட்டார். பெயர்கள் நின்றுவிட்டன. "இண்டைக்குப் பாரை கொஞ்சம் மந்தமா இருக்கு" என்று இராகுலன் போனில் சொல்வதைக் கேட்டு, புதிதாக வந்த ஒருவர் கம்பனியில் மீன் வியாபாரமும் உண்டென்று நினைத்திருந்தார்.

மின்வெட்டுக் காலத்தில் அவர் பட்ட பாட்டைப் பண்டசாலைப் பொறுப்பாளர் தனஞ்சயன் சொல்லித்தான் அறிந்தேன். ஒவ்வொரு நாளும் மின்சாரம் போகுமுன் எல்லா இயந்திரங்களையும் ஒழுங்காக உறங்க வைக்க வேண்டும். வந்த பிறகு முறைப்படி எழுப்ப வேண்டும். சுறா எழும்பாமல் பாரை எழும்பாது. டீசலுக்கு வரிசையில் நிற்க இவரே சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போனாராம். அந்த நாள்களில் ஒவ்வொரு இயந்திரத்திடமும் இடைவிடாமல் "இருக்கிறியா?" என்று கேட்டுப் பார்க்கும் சின்னச் சின்னக் கட்டளைகளை எழுதி வைத்தார். "இருக்கிறன்" என்று பதில் வந்தால் திரையில் பச்சைப் புள்ளி. வராவிட்டால் சிவப்பு.

அந்தக் காலம் முடிந்ததும் கொழும்புத் தலைமை அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்தது. இனிச் சொந்த இயந்திரம் வேண்டாம். எல்லாவற்றையும் முகில் தளத்துக்கு மாற்றுவது. "முகில் எண்டு மேல பாக்காதேங்கோ," என்பார் இராகுலன். "சிங்கப்பூரில ஒரு கட்டடம். அங்கயும் ஒரு ஆள் துடைச்சுக்கொண்டுதான் இருப்பான்." வேலையைத் திட்டமிடும் பிரியதர்சினி கொழும்பிலிருந்து திரையில் வந்து முதல் நாளே அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்: கடைசி இயந்திரமும் போன பிறகு திருகோணமலையில் இந்தப் பதவி இராது. அவர் "ஓம்" என்றார். அன்றே வேலையைத் தொடங்கினார். தன் இருப்பிடத்தைத் தானே ஒவ்வொன்றாக மூட்டை கட்டும் வேலை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பயன்படுகிறது என்று தெரியாத ஓர் இயந்திரத்தை என்ன செய்வது? நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். யாருக்காவது ஏதாவது நின்றால் போன் எடுத்துக் கத்துவார். கத்தினால் உடனே திரும்பப் போடலாம். சில கிழமைகள் ஒருவரும் கத்தாவிட்டால் அது யாருக்கும் தேவையில்லை, அழித்துவிடலாம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்களாம். இராகுலனும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தார். சூடை என்ற சிறிய இயந்திரம் ஒன்று இருந்தது. அது என்ன செய்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. நிறுத்தினார். ஒருவரும் கத்தவில்லை. அழித்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது அது; இராகுலன் என்னோடு பேசத் தொடங்கியிருக்கவில்லை. வாடைக்காற்று தொடங்கியிருந்தது. மாலையில் ஸ்கூட்டரை எடுக்கப் போகும்போது, வாசலுக்கு எதிரே வாகை மரத்தின் கீழ் ஒரு பெண் நிற்பதைக் காண்பேன். கறுப்பு அபாயா, கையில் மடக்கிய குடை. பக்கத்தில், ஊருக்குள் அலையும் மான்கள் இரண்டு மூன்று படுத்திருக்கும். எங்கள் கம்பனிப் படகான லோஞ்ச், கப்பலுக்குச் சாமான் கொடுத்துவிட்டு இறங்குதுறைக்கு வந்து கட்டும் வரை நிற்பாள். ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி வருவது வேலிக் கம்பிக்கூடாகத் தெரியும். அதைப் பார்த்ததும் திரும்பி விறுவிறென்று பஸ் தரிப்புக்கு நடப்பாள். நாங்கள் எல்லோரும் அவளைக் கண்டோம். வேலை கேட்டு வருகிறாள் என்று ஒருவர் சொன்னார். யாருக்கோ சாப்பாடு கொண்டு வருகிறாள் என்று இன்னொருவர் சொன்னார். இராகுலன் சைக்கிளில் அவளைத் தாண்டிப் போவார். ஒன்றிரண்டு நாள் தலையும் அசைத்தாராம்.

ஒருநாள் அவள் வீதியைக் கடந்து வந்து காவலாளி பக்கீர் நானாவிடம் கேட்டாள். நானும் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"நானா, அந்த மெசேஜ நிப்பாட்டினது எங்கட பக்கத்தில ஏதும் பிழையாலயா?"

"எந்த மெசேஜ், மகள்?"

"லோஞ்ச் கரைக்கு வந்தா போனுக்கு வாற மெசேஜ்."

பக்கீர் நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். "வேணாம் நானா, இனித் தேவப்படாது. சும்மா கேட்டன்," என்றுவிட்டு அவள் போய்விட்டாள். நானாவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏறமாட்டார். அன்று ஏறினார். அவர் சொல்வதைக் கேட்டதும் இராகுலன் வெறுங்காலோடு வாசல்வரை ஓடிவந்தார். மரத்தின் கீழ் மான்கள் மட்டும் கிடந்தன.

அவள் பெயர் றுக்கியா. லோஞ்ச் ஓட்டும் ஜெமீலின் மனைவி. கிண்ணியாவில் வீடு. எப்போதோ ஒரு லோஞ்ச் விபத்துக்குப் பிறகு நிருபன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்: லோஞ்ச் கரைக்கு வந்ததும் அதில் போனவர்களின் வீடுகளுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். காலப்போக்கில் ஆட்கள் மாறினார்கள், இலக்கங்கள் மாறின. கடைசியில் அது போய்க்கொண்டிருந்தது ஒரே ஒரு போனுக்கு. அந்த வேலையைச் செய்ததுதான் சூடை.

இதையெல்லாம் தேடி அறிய இராகுலனுக்கு ஒரு கிழமைக்கு மேல் பிடித்தது; அறிந்த அன்றே இறங்குதுறைக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே பின்னர் எனக்குச் சொன்னார். ஜெமீல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கை நிற்கவில்லை. கயிறு முழுவதும் சுருட்டி முடிந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அவட வாப்பா கடலுக்குப் போய் வரல்ல, சேர். அண்டைக்கு ஆக்கின சோறு அப்பிடியே இருந்திச்சு. அதுக்குப் பொறவு ஆள் கரைக்கு வந்தது தெரியாம அவ சோத்துக்கு உல வைக்கமாட்டா. அது எனக்குத் தெரியும். எப்பிடித் தெரிஞ்சு வைக்கிறா எண்டு நான் ஒருநாளும் யோசிக்கல்ல."

"இப்ப எங்க இருக்கிறா?"

"மூதூரில, உம்மா வீட்ட. ஒரு கிழமையாகுது." ஜெமீல் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சோறு பிந்திப் பிந்தி வந்திச்சு. பக்கத்து வீட்டில சொன்னாங்க, உன்ட பொஞ்சாதி ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி ரவுணுக்குப் போறா எண்டு. நான் கேட்டன். சொல்லல்ல. பொறகு நான் கதைக்கிறத விட்டுட்டன்."

"என்னெண்டு கேட்டனீங்கள்?"

"எங்க போறாய் எண்டு கேட்டன். என்னத்துக்குப் போறாய் எண்டு கேக்கல்ல."

வெள்ளிக்கிழமை ஜெமீல் மூதூருக்குப் போனார். தனியாகத் திரும்பி வந்தார். றுக்கியா சொல்லியனுப்பிய பதில் பக்கீர் நானாவின் உறவினர் வழியாக எங்களுக்கும் வந்து சேர்ந்தது. "அவ்வளவு நாள் வாசல்ல நிண்டன். அவ்வளவு பேரும் கண்டாங்க. என்னம்மா எண்டு ஒருத்தர் கேக்கல்ல. இனி நான் ஒரு வாசல்லயும் நிக்கமாட்டன்."

இராகுலனிடம் யாரும் குற்றம் சொல்லவில்லை. கொழும்பில் இந்தக் கதையே தெரியாது. தொழிலின் வழக்கப்படி அவர் செய்ததில் பிழையும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து நிறுத்திவிட்டுக் காத்திருப்பதை அவர் விட்டுவிட்டார். "கத்துறது எண்டது பிள்ளை, கத்தினா ஆராவது கேப்பினம் எண்டு நம்புற ஆக்களின்ர வேலை," என்றார் என்னிடம். "இந்த ஊரில ஒரு சாமான் நிண்டு போனா, மேல ஆரோ காரணத்தோட நிப்பாட்டினது எண்டுதான் பாதிப்பேர் நினைக்கினம். தங்களில பிழை தேடுகினம். அவைக்கு நான் எப்பிடிச் சோதனை வைக்கிறது?"

சூடையை மீட்க முடியவில்லை. அதே வேலையைச் செய்யும் ஒன்றை முகில் தளத்தில் புதிதாகச் செய்தார். லோஞ்ச் கட்டியதும் மூதூருக்கு ஒரு செய்தி போகிறது. பதில் வந்ததில்லை. அவர் எதிர்பார்ப்பதும் இல்லை. "போய்ச் சேர்ந்தது எண்டு காட்டுது. நிப்பாட்டச் சொல்லியும் வரேல்லை," என்பார். ஜெமீல் மாலையில் கரையேறும்போது எல்லோருக்கும் கையசைப்பார். மேல்மாடிப் பக்கம் மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.

அதற்குப் பிறகுதான் மேசை மேசையாகப் போகும் பழக்கம் வந்தது. ஓர் இயந்திரத்தை நிறுத்துமுன் கட்டடத்தில் உள்ள எல்லோரிடமும் கேட்பார். சாரதிகளிடம், கூட்டுபவர்களிடம், வெளியேயிருந்து கயிறு தரும் கடைக்காரரிடம்கூட. சிரிப்பார்கள். கேட்டுக்கொண்டே இருப்பார். வேலை மெதுவாக நகர்ந்தது. ஒவ்வொன்றாகச் சுறா போனது, பாரை போனது, சூரை போனது. அந்த அறையின் இரைச்சல் மாதத்துக்கு மாதம் மெலிந்தது. இறுதியில் ஒன்று மிஞ்சியது. அதன் பெயர் ஓரா.

ஓராவுக்குள் ஒரு பழைய கணக்கு மென்பொருளும் பல வருடங்களாகத் திறக்கப்படாத கோப்புகளும் கிடந்தன. யாருக்கும் அது வேண்டாம். ஆனால் யாரோ அதைத் தேடி வருகிறார்கள் என்று இராகுலன் சொன்னார். கட்டடத்துக்குள்ளிருந்தே, அடிக்கடி, ஒரு கணம் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிற மாதிரி ஒரு தொடர்பு. அது யாரென்று தெரியாமல் நிறுத்தமாட்டேன் என்றார்.

"அண்ணை அந்த ஒரு ஓராவை வச்சே பென்சன் எடுக்கப் போறார்," என்றார் தனஞ்சயன், சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கேட்க.

"உங்களுக்கு ஏதும் குறையுமோ தனா?"

"எனக்குக் குறையாது. நிப்பாட்டினா என்ர மனிசி கத்துவா. அவ எல்லாத்துக்கும் கத்துவா."

"குடுத்து வச்சனீங்கள்," என்றார் இராகுலன்.

சமையல் பார்க்கும் ஹுஸ்னியா அக்காவிடமும் போனார். "என்ட அடுப்பு அதிலயா தம்பி எரியுது?" என்று அவர் கேட்டார்.

"இல்லை அக்கா."

"அப்ப நிப்பாட்டுங்க. ஆனா இந்த ரீயக் குடிச்சிட்டு நிப்பாட்டுங்க. ஆள் வர வர ஈர்க்குச்சியாப் போறீங்க."

அப்போதுதான் இராகுலன் ஒரு கதையைப் பகிடி போல் சொன்னார். முந்திய மழைக்காலத்தில் அவருக்கு டெங்கு. வீட்டில் காய்ச்சலோடு நாலைந்து நாள் கிடந்தார். போனில் சார்ஜ் இல்லை. எழுந்து போட உடம்பில் தெம்பு இல்லை. இங்கே எல்லா இயந்திரமும் நன்றாக ஓடியது. கடிதம் போனது, சம்பளம் போனது. "ஒரு மெசினாவது படுத்திருந்தா ஆரும் தேடி வந்திருப்பினம். நான் வேலையைத் திறமாச் செய்து வச்சிருந்தது பிழையாப் போச்சு." வீட்டுக்காரர் வாடகை விசயமாக வந்து பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். ஹுஸ்னியா அக்கா சிரிக்கவில்லை. தட்டத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். நானும் அந்தக் கிழமையில் வேலைக்கு வந்திருந்தேன். வாசலில் செருப்பு இல்லாததைக் கண்டிருக்க வேண்டும். நினைவில்லை.

பிரியதர்சினி திரையில் வந்தார். குரலில் கோபம் இல்லை. "இராகுலன், மாத முடிவுக்குப் பிறகு என்னால இதை இழுக்க ஏலாது. அந்த ஒரு மெசினுக்காக மூண்டு பெட்டியும் ஏசியும் ஓடுது. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். மேல இருக்கிறவைக்குத் தெரியாது."

"ஆர் வாறது எண்டு கண்டுபிடிச்சா உடன நிப்பாட்டுவன், மிஸ்."

கண்டுபிடித்தார். ஒருநாள் மத்தியானம் கீழே வரவேற்பு மேசைக்கு அடியில் குந்தியிருந்து, தூசி படிந்த ஒரு பழைய கணினியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிதங்களோடு வந்தேன்.

"ஆளைப் பிடிச்சிட்டன்," என்றார். முகத்தில் சந்தோசம் இல்லை. "மின்வெட்டு நேரம் நான் எழுதி வச்சது. இருக்கிறியா, இருக்கிறியா எண்டு கேக்கிறது. மற்ற இடத்தில எல்லாம் எடுத்திட்டன். இது இந்த மெசினில கிடந்ததை மறந்து போனன்." திரையைப் பார்த்தபடி இருந்தார். "ஓராவைத் தேடி வந்த ஒரே ஆள் நான்தான்."

அன்று பின்னேரமே ஓராவை நிறுத்தினார். எங்களில் சிலர் வாசலில் நின்றோம். எல்லோரும் செருப்பைக் கழற்றினோம், யாரும் சொல்லவில்லை. ஓராவை நிறுத்திய பிறகு மூன்று இரும்புப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். காற்றாடிகள் சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து நின்றன. கடைசியாகக் குளிர்சாதனம். அந்த அறையில் ஒரு யன்னல் இருப்பதும், அதன் வழியாக இறங்குதுறைக் காகங்கள் கரைவது கேட்கும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மாத முடிவு வரை இராகுலன் வந்தார். செய்ய ஒன்றும் இருக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் இருந்தார். யாராவது கத்த வேண்டுமென்று அவர் காத்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது. போன் இரண்டொரு தரம் அடித்தது. ஒன்று பிழையான இலக்கம். மற்றது ஹுஸ்னியா அக்கா, ரீ ஆறுகிறது என்று.

இப்போது வீட்டில் இருக்கிறார். கடைக்காரர்களுக்குக் கணினி திருத்திக் கொடுக்கிறார். மூதூருக்கு மாலைச் செய்தி தவறாமல் போகிறதா என்று அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறார். நான் வேலைக்குப் போய்வரும் வழியில்தான் அவருடைய வீடு. கேற்றுக்கு உள்ளே, படியில், அந்த மண்ணிறச் செருப்பு இருக்கும். காலையில் ஒரு பக்கம், மாலையில் வேறொரு பக்கம். இரண்டும் நேராக. ஸ்கூட்டரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவேன்.

அதற்குக் காரணம் உண்டு. கடைசி நாள் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். முதல் நாள் போலவே அலுமாரியில் தோளைச் சாய்த்தார். காலில் செருப்பு இருந்தது; கழற்ற இனி இடமில்லை.

"எல்லாம் ஓடுதோ?"

"ஓடுது அண்ணை."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஓடுது."

போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரிடமோ தவறாகக் கேட்டுவிடப் போகிறவர் போல் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பிள்ளை, நீங்கள் என்ர வீட்டடியாலதானே போறனீங்கள். படியில செருப்புக் கிடக்கும். இரண்டு மூண்டு நாள் இடம் மாறாமல் ஒரே மாதிரிக் கிடந்தா, ஒருக்கா நிண்டு, இருக்கிறீங்களோ எண்டு கேளுங்கோ. உள்ளுக்கு வரத் தேவையில்லை. கத்தவும் வேண்டாம், உங்களுக்கு அது வராது. உங்கட குரலில கேட்டாக் காணும்."